நாடி சொல்லும் பாடம்

"இதயம் நிமிடத்திற்கு 72 முறை, கடிகாரம் போல் துடிக்கும்" என்றுதான் பத்தாம் வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். அது முழு உண்மையன்று என்பதை எனக்கு வந்த லேசான பக்கவாதம் கற்றுத்தந்தது.

ஒருநாள் காலை, எழுதிக்கொண்டிருந்தபோதே கையிலிருந்து சாக்பீஸ் நழுவியது, பேச்சு குழறியது. சக ஆசிரியர்கள் உடனே 108-ஐ அழைத்தனர். ஆறு வாரத்தில் பணிக்குத் திரும்பினேன். கை தேறிவிட்டது. ஆனால் பிற்பகலில் அடித்துப்போட்டாற்போல் சோர்வு. "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க சார்?" என்றார்கள்.

அந்நாட்களில் வகுப்பில் செய்த செயல்பாடு இது. மாணவர்களை இருவர் இருவராக அமரவைக்கவும். ஒருவர் 5 விநாடி மூச்சை இழுத்து, 5 விநாடி விடட்டும். மற்றவர் அவரது மணிக்கட்டில் நாடி பார்க்கட்டும். மூச்சை இழுக்கையில் துடிப்பு சற்று விரைவதும் விடுகையில் மெதுவாவதும் பலருக்குத் தெரியும்.

காரணம், முகுளத்திலிருந்து வரும் வேகஸ் நரம்பு. இதயத்தை மெதுவாக்கும் அதன் பிடி, மூச்சை இழுக்கையில் தளர்ந்து, விடுகையில் இறுகுகிறது. துடிப்புகளுக்கு இடையிலான இந்த மில்லி விநாடி வேறுபாடே 'இதயத்துடிப்பு மாறுபாடு'. ஈ.சி.ஜி. பதிவில் இதை அளக்கலாம்.

ஒரு மாணவி என் நாடியையும் பார்த்து, "உங்களுக்கு மட்டும் ஒரே சீரா இருக்கு சார்!" என்றாள், பாராட்டாக. வயது கூடினாலும் சில மாத்திரைகளாலும் மாறுபாடு குறையும். பக்கவாதத்திற்குப் பின்னும் பலருக்குக் குறைகிறது. இதயத்தை ஆளும் மூளைப் பகுதிகளின் கட்டுப்பாடு குலைவதே காரணம். விரலால் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. ஆனால் கை கால் தேறுவது மட்டுமே குணமாவதன்று என்பதை அவளுக்கு விளக்க முடிந்தது. மருத்துவர் சொன்ன நடைப்பயிற்சியையும் உறக்கத்தையும் அன்றுமுதல் தவறவிடுவதில்லை.

ஓர் எச்சரிக்கை: மூச்சோடு தொடர்பின்றித் தாறுமாறாகத் துடிக்கும் நாடி வேறு. அது பக்கவாதத்திற்கே காரணமாகலாம், மருத்துவரிடம் காட்டவேண்டும்.

பாடம் முடியுமுன் இதையும் சொல்லுங்கள்: வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால், உடனே 108. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரமே அவகாசம். வீட்டில் தாத்தாவுக்கு அப்படி நேர்கையில், அருகில் இருப்பது நம் மாணவராகவும் இருக்கலாம்.