பழைய பங்கு விலைகளைப் படிக்கும் முறை: ஓர் உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் தரும் பாடம்

ஐதர் அலி பிறந்த ஊர் எனப் போற்றப்படும் பூதிகோட்டைக்கு அண்மையில் கோலார் தங்கவயல் அமைந்துள்ளது. பங்கு மூலதனத்தின் இயல்பை அறிய விரும்பும் மாணவருக்கு இவ்வட்டாரம் ஒரு பாடநூல் எனலாம். 1880-ஆம் ஆண்டு லண்டனில் மைசூர் சுரங்க நிறுவனம் தொடங்கப்பட்டது. தங்கம் கிடைக்கும் முன்னரே அதன் மூலதனத்தின் பெரும்பகுதி கரைந்துவிட்டது. பங்குகளின் விலையும் வீழ்ந்தது. எஞ்சிய சிறு தொகையைக் கொண்டு, ஜான் டெய்லர் நிறுவனத்தாரின் ஆலோசனைப்படி பணி தொடர்ந்தது. அதன் பயனாகவே சாம்பியன் ரீஃப் எனும் வளமான தங்கப் படிவு வெளிப்பட்டது. முதலில் செலவு, நெடுங்காலம் ஐயம், பின்னரே பலன் என்பது அச்சுரங்கத்தின் வரலாறு.

சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்ட பின்னர், தங்கவயல் மக்களில் பல்லாயிரவர் வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலில் சென்று வரலாயினர். அந்நகரில் வளர்ந்துள்ள உயிரித் தொழில்நுட்பத் துறைக்கும் பழைய சுரங்கத் தொழிலுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. புதிய மருந்தொன்றை உருவாக்கவும், சோதிக்கவும், அரசு ஒப்புதல் பெறவும் பல ஆண்டுகள் பணம் செலவாகும். வருவாய் பின்னரே வரும். எனவே இத்தகைய நிறுவனத்தின் பங்கு விலை, நிகழ்கால வருவாயைவிட எதிர்கால நம்பிக்கையையே பெரிதும் பின்பற்றிச் செல்கிறது. அவ்விலையின் வரலாற்றைப் படிப்பதற்குத் தனிக் கவனம் தேவைப்படுகிறது.

பயோகான்: இரண்டு விலைகள்

1978-ஆம் ஆண்டு பெங்களூரில் கிரண் மஜும்தார் ஷா அவர்களால், ஓர் அயர்லாந்து நிறுவனத்தின் கூட்டுறவுடன் பயோகான் நிறுவனம் தொடங்கப்பட்டது. பப்பாளியிலிருந்து எடுக்கப்படும் பப்பெய்ன் போன்ற நொதிகளே அதன் தொடக்ககால உற்பத்திப் பொருள்கள். பின்னர் இன்சுலின், புற்றுநோய் மருந்துகள் ஆகிய துறைகளில் அது வளர்ந்தது. 2004-ஆம் ஆண்டு ஒரு கோடி பங்குகளைப் பொதுமக்களுக்கு வெளியிட்டது. 5 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கின் வெளியீட்டு விலை 315 ரூபாய். அவ்வாண்டு ஏப்ரலில் பங்குகள் சந்தையில் இடம்பெற்றன.

2025 ஜூன் மாதம் இதே நிறுவனம், தகுதிபெற்ற நிறுவன முதலீட்டாளர்களுக்குப் புதிய பங்குகளை விற்று 4,500 கோடி ரூபாய் திரட்டியது. அப்போது ஒரு பங்கின் விலை 330 ரூபாய்.

இவ்விரு எண்களை மட்டும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், 21 ஆண்டுகளில் ஒரு பங்குக்கு 15 ரூபாயே கூடியுள்ளது எனக் கருதுவார். வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டிருந்தால் இதைவிடப் பன்மடங்கு கிடைத்திருக்குமே என்றும் எண்ணுவார். இம்முடிவு முற்றிலும் தவறானது. எண்கள் இரண்டும் உண்மையானவை. அவற்றை ஒப்பிட்ட முறையே பிழையானது.

பங்கு என்னும் அளவுகோல்

பங்கு என்பது நிறுவனத்தின் ஒரு பகுதியாகும். அப்பகுதி எவ்வளவு பெரிது என்பது மொத்தம் எத்தனை பங்குகள் உள்ளன என்பதைப் பொறுத்தது. 2004-இல் பயோகானின் மொத்தப் பங்குகள் 10 கோடி. பின்னர் மும்முறை அந்நிறுவனம் போனஸ் பங்குகளை வழங்கியது.

2008: ஒரு பங்குக்கு ஒரு போனஸ் பங்கு, 1 பங்கு 2 ஆயிற்று.
2017: ஒரு பங்குக்கு இரண்டு போனஸ் பங்குகள், 2 பங்குகள் 6 ஆயின.
2019: ஒரு பங்குக்கு ஒரு போனஸ் பங்கு, 6 பங்குகள் 12 ஆயின.

போனஸ் பங்குக்காகப் பங்குதாரர் பணம் எதுவும் செலுத்துவதில்லை. நிறுவனத்திற்கும் புதிய செல்வம் எதுவும் சேர்வதில்லை. நிறுவனத்தின் காப்பு நிதி கணக்கேட்டில் பங்கு மூலதனமாக மாற்றி எழுதப்படுகிறது, அவ்வளவே. ஒரு தேங்காயை இரண்டாக உடைத்தாலும் நான்காக உடைத்தாலும் தேங்காயின் அளவு கூடுவதில்லை. அதுபோலவே, மொத்தப் பங்குகள் 10 கோடியிலிருந்து 120 கோடியாகப் பெருகியபோது, பழைய ஒரு பங்கு 12 பங்குகளாயிற்று. பத்துக் கோடியில் ஒன்றும், நூற்றிருபது கோடியில் பன்னிரண்டும் ஒரே பகுதிதான்.

ஆகவே 2004-ஆம் ஆண்டின் 315 ரூபாயை 2025-இன் 330 ரூபாயுடன் ஒப்பிடுதல் தகாது. 12 பங்குகளின் விலையாகிய 3,960 ரூபாயுடன்தான் ஒப்பிட வேண்டும். அல்லது பழைய விலையை 12-ஆல் வகுத்து, 26 ரூபாய் 25 காசு என்னும் சரிக்கட்டிய விலையை 330 ரூபாயுடன் ஒப்பிட வேண்டும். எவ்வழியில் கணக்கிட்டாலும் உயர்வு பன்னிரண்டரை மடங்காகும். வெளியீட்டின்போது 50 பங்குகளை 15,750 ரூபாய்க்கு வாங்கி, விற்காமல் வைத்திருந்தவரிடம் 2025 ஜூனில் 600 பங்குகள் இருந்தன. 330 ரூபாய் விலையில் அவற்றின் மதிப்பு 1,98,000 ரூபாய்.

பெருக்கும் எண், பங்கு வாங்கிய நாளைப் பொறுத்து மாறுபடும். 2008 போனசுக்குப் பின்னும் 2017 போனசுக்கு முன்னும் வாங்கியவருக்கு அது 6. 2017-க்கும் 2019-க்கும் இடையில் வாங்கியவருக்கு 2. 2019 போனசுக்குப் பின் வாங்கியவருக்கு 1.

வரைபடத்தில் தோன்றும் பள்ளங்கள்

சரிக்கட்டாத விலைகளைக் கொண்டு வரைபடம் தீட்டினால், 2017-ஆம் ஆண்டு ஜூனில் பங்கு விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்காக வீழ்ந்ததுபோல் தோன்றும். அது வீழ்ச்சியன்று, பங்கு மூன்றாகப் பிரிந்ததன் அடையாளமே. 2008 செப்டம்பரில் நிலைமை மேலும் சிக்கலானது. போனஸ் வழங்கப்பட்ட அதே மாதத்தில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் நொடித்து, உலகச் சந்தைகள் சரிந்தன. எனவே அக்காலத்து விலையிறக்கத்தில் ஒரு பகுதி கணக்கு மாற்றம். மற்றொரு பகுதி உண்மையான இழப்பு. இரண்டையும் பிரித்தறியாதவர் இழப்பை மிகையாக மதிப்பிடுவார்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. பல தரவுப் பட்டியல்களில் பழைய விலைகள் முன்னரே சரிக்கட்டப்பட்டிருக்கும். அவற்றை மீண்டும் 12-ஆல் வகுப்பவர் ஆதாயத்தைப் பன்னிரண்டு மடங்கு பெரிதாக்கிவிடுவார். மேலும், சரிக்கட்டிய விலையான 26 ரூபாய் 25 காசுக்கு 2004-இல் எவரும் பங்கு வாங்கவில்லை. வாங்கியவர் அனைவரும் 315 ரூபாயே செலுத்தினர். சரிக்கட்டிய விலை ஒப்பீட்டிற்கான கருவியே தவிர, நடந்த வணிகத்தின் பதிவு அன்று.

புதிய பங்கு வெளியீடும் போனசும் ஒன்றல்ல என்பதையும் இங்கே கருத வேண்டும். 2025-இல் விற்கப்பட்ட சுமார் 13.6 கோடிப் பங்குகளுக்கு நிறுவனத்திற்குப் பணம் வந்தது. பழைய பங்குதாரரின் பங்கு எண்ணிக்கை கூடவில்லை. அவருடைய பகுதியின் விகிதம் மட்டும் குறைந்தது. எனவே இதற்காகப் பழைய விலையை வகுக்க வேண்டியதில்லை.

உயர்வை மதிப்பிடுதல்

பன்னிரண்டரை மடங்கு என்பது பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் அது 21 ஆண்டுகளில் நிகழ்ந்தது. கூட்டு வட்டி முறையில் ஆண்டுக்குச் சுமார் 12 முதல் 13 சதவிகிதமே ஆகும். பணத்தின் மதிப்பும் இதனிடையே குறைந்துள்ளது. வருமான வரிக் கணக்கில் பயன்படும் செலவுப் பணவீக்கக் குறியீட்டெண் 2004-05-இல் 113, 2025-26-இல் 376. இவ்வளவுகோலின்படி, அன்றைய 315 ரூபாய் 2025-இல் ஏறக்குறைய 1,048 ரூபாய்க்குச் சமம். ஆகவே மெய்யான உயர்வு நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவு.

சந்தையின் பொதுப்போக்குடனும் ஒப்பிட வேண்டும். மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீட்டெண் 2004 மார்ச் இறுதியில் சுமார் 5,590 ஆக இருந்தது. 2025 ஜூன் மாத நடுவில் 81,000-ஐத் தாண்டியிருந்தது. இது 14 மடங்குக்கு மேற்பட்ட உயர்வு. ஆக, புகழ்பெற்ற இந்நிறுவனத்தின் பங்கு, பெரும் இடர்களைத் தாங்கியும், பொதுச் சந்தையை முந்தவில்லை. இக்கணக்கு இரண்டிலும் ஈவுத்தொகை சேர்க்கப்படவில்லை.

தொடக்க நாளின் தேர்வும் முடிவை மாற்றும். 2020 டிசம்பர் இறுதியில் இப்பங்கின் விலை 450 ரூபாய்க்கு மேல் இருந்தது. அப்போது வாங்கியவருக்கு 2025 ஜூனின் 330 ரூபாய் விலையில் முதலீட்டில் கால் பங்குக்கு மேல் குறைவு. இரண்டுக்கும் இடையே, 2022-இல், வியாட்ரிஸ் நிறுவனத்தின் உயிரி ஒப்புமருந்து வணிகத்தைப் பயோகானின் துணை நிறுவனம் பெரும் கடன் பெற்று வாங்கியது. 2017 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் என்னும் மார்பகப் புற்றுநோய் மருந்தும் இதன் வரலாற்றில் ஒரு மைல்கல். ஒப்புதல், கடன், கையகப்படுத்தல் ஆகியவற்றின் நாள்களை விலைப் பட்டியலின் அருகில் குறித்துக்கொண்டு படித்தால்தான் எண்கள் பொருள் தரும்.

சுரங்கப் பங்குக்கு ஈவுத்தொகை இன்றியமையாத கணக்கு. ஏனெனில் தங்கம் தீரத் தீர நிறுவனமும் தேய்கிறது. அங்கே விலையை மட்டும் பார்ப்பவர் பாதி வரலாற்றை இழப்பார். ஆராய்ச்சி நிறுவனமோ ஆதாயத்தில் பெரும்பகுதியை மீண்டும் தொழிலிலேயே இடுகிறது. தொழிலின் இயல்புக்கேற்பப் படிக்கும் முறையும் மாற வேண்டும்.

முடிவு

பழைய விலையைக் காண்போர் நான்கு வினாக்களை எழுப்புதல் நலம். அன்றைய ஒரு பங்கு இன்று எத்தனை பங்குகள்? காணும் விலை சரிக்கட்டப்பட்டதா? ஈவுத்தொகையும் விலைவாசியும் கணக்கில் சேர்ந்துள்ளனவா? தொடக்க நாளை யார், எதற்காகத் தேர்ந்தெடுத்தனர்? பங்கு விற்க முனைவோர் தமக்கு ஏற்ற நாளையும் விலையையும் எடுத்துக்காட்டுவது இயல்பு. பணி ஓய்வுத் தொகையையோ முதற் சம்பளத்தின் சேமிப்பையோ சந்தையில் இடும் குடும்பத்திற்கு இந்நான்கு வினாக்களும் காப்பாக அமையும். பழைய விலை நாளைய விலையைச் சொல்வதில்லை. எனினும் அதைப் பிழையின்றிப் படிக்கக் கற்றவரை ஏமாற்றுவது எளிதன்று.