வெள்ளை உடையில் மணப்பெண்: கடற்கரையில் படமெடுக்கச் சில குறிப்புகள்

சாந்தோமிலோ பெசன்ட் நகர் மாதா கோவிலிலோ கல்யாணம் முடிந்ததும், ரிசப்ஷனுக்கு முன்னால் கொட்டிவாக்கம் கடற்கரைக்கு ஒரு நடை போய்ப் படமெடுத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள் உண்டு. கவுனானாலும் வெள்ளைப் பட்டுச்சேலையானாலும் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியானாலும் தொல்லை ஒன்றுதான். துணி சாம்பல் பூத்தாற்போல வரும். இல்லையென்றால் லேஸ் வேலைப்பாடே தெரியாமல் வெளுத்துப்போகும்.

1. நம் கடல் கிழக்குப் பக்கம். அதனால் மாலையில் சூரியன் ஈ.சி.ஆர். கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கி, மணலில் நிழல் விழும்வரை பொறுங்கள். பிறகு பெண்ணைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கவையுங்கள். மேற்கு வானத்தின் வெளிச்சம் முகத்தில் பதமாக விழும், கண்ணும் கூசாது. டிசம்பரில் 5¾ மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் 6½ தாண்டும். உச்சி வெயிலில் எடுக்கவே வேண்டாம்.

2. கேமராவின் மீட்டருக்கு வெள்ளை, கறுப்பு தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். ஃபிரேம் முழுக்க வெள்ளை உடை இருந்தால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 முதல் +1½ வரை ஏற்றுங்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட மாப்பிள்ளையைத் தனியாக எடுக்கும்போது இதற்கு நேர்மாறாகக் குறைக்க வேண்டும்.

3. ஒவ்வொரு படத்துக்கும் இப்படி ஏற்றி இறக்குவது அலுப்பு. மேனுவல் மோடுக்குப் போய், ஸ்பாட் மீட்டரிங்கில் உடையின் வெளிச்சமான இடத்தை அளந்து, அதைவிட 1½ ஸ்டாப் கூட்டி வைத்துவிடுங்கள். வெளிச்சம் மாறாதவரை அத்தை, மாமா என்று யார் ஃபிரேமுக்குள் வந்தாலும் செட்டிங்கைத் தொட வேண்டியதில்லை.

4. செல்போனில் உடைமேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்தி, துணி மடிப்பு தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள்.

5. வெளியில் கேமராத் திரையை நம்பாதீர்கள். ஹைலைட் வார்னிங்கைப் போட்டுவிடுங்கள்; வெளுத்துப்போன இடம் மின்னிக் காட்டும். முக்காட்டின் ஓரம் மட்டும் மின்னினால் விட்டுவிடலாம். மார்புப் பக்க லேஸ் மின்னினால் ⅓ ஸ்டாப் குறைத்து மறுபடி எடுங்கள். ரா ஃபைலாக எடுத்தால், இருட்டாக வந்ததைப் பிறகு தூக்கிவிடலாம். அடியோடு வெளுத்துப்போனதை அதிலும் மீட்க முடியாது.

6. உடை சரியாக வந்தால் மாநிற முகம் இருண்டு நிற்கும். நம் ஊரில் உண்மையான சிக்கலே இதுதான். முகத்துக்காக எக்ஸ்போஷரைக் கூட்டினால் உடை போய்விடும். ஆகவே முகத்துக்கு வெளிச்சத்தைக் கொண்டுபோங்கள். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் பெரிய தெர்மாகோல் அட்டை ஒன்று போதும், சினிமாக்காரர்களும் அதைத்தான் பிடிக்கிறார்கள். முகவாய்க்கு நேர் கீழே பிடித்தால் பேய்ப்பட வெளிச்சமாகிவிடும். ஒரு தோளுக்குப் பக்கவாட்டில், முக உயரத்துக்குக் கொஞ்சம் கீழே பிடித்து மெல்லத் திருப்புங்கள். கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். கடற்காற்றில் அட்டை பறக்கும், அதற்கென்று ஒரு தம்பியை நிறுத்துங்கள். ஃபிளாஷ் போடுவதானால் ஷட்டர் 1/200ஐத் தாண்ட வேண்டாம்.

7. நிழலில் வெள்ளை நீலம் பாய்ந்து தெரியும். ஒயிட் பேலன்ஸை 'ஷேடு' என்று மாற்றுங்கள். சிவப்புப் பட்டு கட்டிய சித்தி ஒட்டி நின்றால் கவுனில் ரோஸ் படியும். ஓரடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பட்டு வேட்டி சந்தன வெள்ளைதான், அதைப் பால்வெள்ளை ஆக்காதீர்கள்.

8. ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே சற்று நேரம் வெளியில் வைத்திருங்கள்.

9. ஆல்பத்துக்குக் கொடுக்கும்போது, 'முகத்தை வெளுக்க வேண்டாம்' என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். கேட்காமலேயே வெளுத்துக் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன.