ஓட்டத்தின் முதலும் சரக்கும்



மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் ஓட்டம் என்று அச்சிட்ட நோட்டீஸ் இப்போது நம் கடைகளுக்கு வருகிறது. கொண்டு வருபவர் வாடிக்கையாளராக இருப்பார். அல்லது நம் பிள்ளையே பள்ளியிலிருந்து கொண்டு வரும். கல்லாவைத் திறந்து பத்து வெள்ளி கொடுப்பதும், தாளில் பெயர் எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. கொடுப்பது நல்ல காரியமே. ஆயினும் ஒரு மூட்டை அரிசி வாங்கினால் எடை, தரம், விலை மூன்றையும் பார்க்கிறவர்கள் நாம். இதில் மட்டும் என்ன கொடுத்தோம், என்ன வாங்கினோம் என்று பாராதிருப்பது வணிகனுக்கு அழகன்று. ஆகவே இந்த ஓட்டத்தையும் ஒரு வியாபாரம்போல் வைத்து, அதன் முதல் எது, சரக்கு எது, அந்தச் சரக்கு யார் வீடு சேர வேண்டும் என்பவற்றை இங்கே பார்ப்போம்.

வழக்கம் வந்த விதம்

கனடா தேசத்தில் டெர்ரி பாக்ஸ் என்ற வாலிபருக்கு எலும்பில் புற்றுநோய் வந்து, 1977ல் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். 1980 ஏப்ரலில் அவர் செயற்கைக் காலோடு அந்த நாட்டின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். ஏறத்தாழ நாளொன்றுக்கு 42 கிலோமீட்டர். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் ஜனங்களிடம் கேட்டது யாதெனில், புற்றுநோய் ஆராய்ச்சிக்கென ஆளுக்கு ஒரு டாலர் என்பதே. அப்போது கனடாவின் ஜனத்தொகை சுமார் 2 கோடியே 40 லட்சம். 1981 பிப்ரவரியில் அதே அளவு டாலர் சேர்ந்துவிட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் அவர் காலமானார்.

மார்பகப் புற்றுநோய்க்கென்றே ஏற்பட்ட ஓட்டங்களில் பேர் பெற்றது அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1983ல் நடந்தது. நான்சி பிரிங்கர் என்ற பெண்மணியின் தமக்கை சூசன் கோமன் இந்நோயால் 1980ல், 36 வயதில் இறந்தார். தமக்கைக்குக் கொடுத்த வாக்கின்படி தங்கை 1982ல் ஒரு தர்ம ஸ்தாபனத்தைத் தொடங்கினார். அதன் முதல் ஓட்டத்தில் சுமார் 800 பேர் கலந்துகொண்டனர். லண்டன் பாட்டர்சீ பூங்காவில் 1994ல் பெண்கள் 680 பேரோடு தொடங்கிய ஓட்டம் இன்று பிரிட்டன் முழுவதும் நடக்கிறது. ஆனால் அது எல்லாப் புற்றுநோய்களின் ஆராய்ச்சிக்கும் பொதுவானது. 2019 முதல் அதில் ஆண்களும் சேரலாம்.

முதல்

ஓடினால் நோய் தீர்ந்துவிடாது. ஓட்டம் என்பது கேட்பதற்கு ஒரு முகாந்தரம். “நான் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன், நீங்கள் என்ன தருவீர்கள்?” என்று நாலு பேரிடம் கேட்பதே அதன் உயிர். பல ஓட்டங்களில் நுழைவுக் கட்டணத்தின் ஒரு பங்கு பனியன், தண்ணீர், முதலுதவி, சாலை ஏற்பாடு ஆகியவற்றுக்குப் போய்விடும். ஆகையால் கட்டணம் கட்டி ஓடுவதோடு நின்றால் ஆராய்ச்சிக்குச் சேர்வது சொற்பமாயிருக்கலாம். ஓடுகிறவர் தம் பேரில் திரட்டும் நன்கொடையே பெரிய முதல். கடன் பாக்கி கேட்டும் விலை பேசியும் பழகிய நமக்குக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

அப்படி வாங்கிய பணம் அமானத். அதைக் கல்லாவில் கலக்கலாகாது. தனித் தாளில் பெயரும் தொகையும் எழுதி, ஓட்டம் முடிந்த வாரத்திலேயே ஒப்படைத்து, ரசீது வாங்கிக் கடையில் ஒட்டிவைக்க வேண்டும். கொடுத்தவர்கள் வந்து பார்க்கட்டும்.

நடத்துகிறவர்களிடமும் சில கேள்விகள் கேட்கலாம். பணம் ஆராய்ச்சிக்கா, நோயாளிகளின் உதவிக்கா, பிரசாரத்துக்கா? மூன்றும் நல்லவையே, ஆனால் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விற்கலாகாது. தணிக்கை செய்த கணக்கு உண்டா? வருமான வரி விலக்கு ரசீது தர அனுமதி பெற்ற ஸ்தாபனமா? ஒழுங்கான ஸ்தாபனம் இவற்றுக்குக் கோபித்துக்கொள்ளாது. பனியனில் நம் கடைப் பெயரைப் போடுவதற்காகக் கொடுத்தால் அது விளம்பரச் செலவு. பேரேட்டில் அதைத் தர்மக் கணக்கில் எழுதுவது முறையன்று.

சரக்கு

இனி, ஆராய்ச்சி என்பது என்ன? வைத்தியர்கள் செய்துவரும் சிகிச்சை சரிதானா என்று எடைபோட்டுப் பார்ப்பது என்று சொல்லலாம். ஓர் உதாரணம் காண்போம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க அறுவை வைத்தியர் வில்லியம் ஹால்ஸ்டெட் ஒரு முறையை நிலைநாட்டினார். மார்பகம், அதன் அடியிலுள்ள தசை, அக்குளிலுள்ள நெறிகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவது அம்முறை. எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். அது உண்மைதானா என்று பெர்னார்ட் பிஷர் என்ற அமெரிக்க வைத்தியர் 1971லும் 1976லும் பெரிய சோதனைகளைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான பெண்கள் மனமுவந்து அவற்றில் சேர்ந்தார்கள். இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசி என்பவரும் 1973ல் அத்தகைய சோதனையைத் தொடங்கினார். பிஷரின் முடிவு 1985ல் வந்தது. 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த முடிவுகளை இருவரும் 2002ல் வெளியிட்டார்கள். முடிவு இதுதான்: ஆரம்ப நிலையில், கட்டி சிறிதாயிருந்தால், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தாலும் பெண்கள் அதே அளவு காலம் உயிர்வாழ்கிறார்கள்.

மருந்திலும் இவ்வாறே. தமாக்ஸிபென் என்ற மாத்திரை 1960களில் இங்கிலாந்தில் கருத்தடைக்கென உண்டானது, அதற்கு உதவவில்லை. பெண்மைச் சுரப்பால் வளரும் வகைப் புற்றுநோயை அது தடுக்கும் என்பது பின்னர் தெரிந்தது. இன்றும் வைத்தியர்கள் அதைக் கொடுக்கிறார்கள்.

இவையெல்லாம் ஓட்டப் பணத்தால் நடந்தவை அல்ல. அரசாங்கங்களும் கம்பெனிகளும் பெரும் பணம் போட்டிருக்கின்றன. ஆராய்ச்சி நாட்பட்ட வியாபாரம், அதில் பல கொள்முதல் நஷ்டமாகும் என்பதை விளக்கவே இவற்றைச் சொன்னோம். மற்றொன்றும் உண்டு. முன்னாளைய ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்துப் பெண்களையே சேர்த்தார்கள். ஒருவர் உடம்புக்குத் தைத்த சட்டை மற்றவருக்கு அப்படியே பொருந்தாது. இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மலாய், சீன, இந்தியப் பெண்களையே வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. நம் வெள்ளி இதற்குப் போய்ச் சேர்வது நியாயந்தானே?

சரக்கு வீடு சேர வேண்டும்

வாங்கிய சரக்கு கிட்டங்கியிலேயே கிடந்தால் யாருக்கு லாபம்? ஆராய்ச்சி கண்ட நற்செய்தி நம் அடுப்படிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மலேசியாவில் 2012 முதல் 2016 வரை கண்டறியப்பட்ட மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதி, மூன்றாம் நான்காம் நிலைக்கு முற்றிய பிறகே தெரியவந்தன. காரணங்கள் பல இருக்கலாம். நம் வீடுகளில் உள்ள காரணங்களை நாம் அறிவோம். ஆண் வைத்தியரிடம் காட்ட வெட்கம். மார்பகத்தையே எடுத்துவிடுவார்களோ என்ற அச்சம். வீட்டில் குமர் இருக்கிறது, வெளியே தெரிந்தால் சம்பந்தம் வருமா என்ற கவலை. நம்மில் சிலருக்குக் கடை இங்கே, குடும்பம் ஊரிலே. தொலைபேசியில் கேட்டால், “நல்லா இருக்கோம், நீங்க உடம்பைப் பாத்துக்கிடுங்க” என்று மட்டும் பதில் வரும்.

வெட்கத்துக்குப் பதில்: பெண் வைத்தியரே பார்க்க வேண்டும் என்று கேட்கலாம், அதில் தவறில்லை. அச்சத்துக்குப் பதில்: சீக்கிரம் வந்தால் பல பேருக்கு மார்பகத்தை எடுக்க வேண்டியதேயில்லை, மறைத்து வைப்பதே அந்த அச்சத்தை உண்மையாக்கிவிடுகிறது. கவலைக்குப் பதில்: இது ஒட்டுவியாதி அன்று. பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான். அத்தகைய குடும்பங்களின் மரபணுக்களை 1994லும் 1995லும் கண்டுபிடித்துவிட்டார்கள். சோதித்துப் பார்க்கவும் வழியுண்டு. அந்த மரபணு தகப்பன் வழியாகவும் வரும் என்பதைப் பெண்களைக் குறைசொல்வோர் கவனிக்க வேண்டும். அபூர்வமாக ஆண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு.

வீட்டில் சொல்ல வேண்டிய அடையாளங்கள் இவை: மார்பகத்திலோ அக்குளிலோ கட்டி, தோல் குழிவிழுதல், காம்பு உள்ளே இழுத்துக்கொள்ளுதல், அதிலிருந்து நீரோ இரத்தமோ கசிதல், வடிவம் மாறுதல். வலி இல்லையே என்று இருந்துவிடலாகாது. புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. அதேசமயம் பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லையேல் பயமே மிஞ்சும். சிங்கப்பூரில் 50 முதல் 69 வயது வரையுள்ள பெண்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மேமோகிராம் படம் எடுத்துக்கொள்ளும்படி சுகாதாரத் துறை சொல்கிறது. மற்ற வயதினரும் மலேசியாவில் உள்ளவர்களும் தங்கள் வைத்தியரைக் கேட்டு நடக்கலாம்.

கலந்துகொள்ளும் முறை

ஐந்து கிலோமீட்டரை ஓடத்தான் வேண்டுமென்பதில்லை. நடக்க அனுமதிக்கும் ஓட்டங்கள் பல. சாதாரண நடையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம் ஒன்றரை மாதம் முன்பே, கடை திறக்குமுன் அரை மணி நடந்து பழக வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், நெஞ்சுவலி உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இறங்கலாகாது. புதுச் சப்பாத்தை அன்றைக்கென்று போட்டால் கால் புண்ணாகும். பெண்மக்கள் தங்களுக்கு இசைந்த தளர்ந்த உடையில் வரலாம். கடைச் சிப்பந்தி யாரேனும் கலந்துகொள்ள விரும்பினால் அன்று காலை சம்பளத்தோடு விடுப்புக் கொடுப்பது முதலாளியின் நன்கொடை ஆகும்.

ஓட்டம் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். அன்று மாலைக்குள் பணக் கணக்கை முடித்துவிடுங்கள். இரவு வீட்டுக்குப் போய், அல்லது ஊருக்குத் தொலைபேசியில் பேசி, தாயாரிடமும் மனைவியிடமும் சகோதரியிடமும் மேலே சொன்ன அடையாளங்களை வெட்கப்படாமல் சொல்லுங்கள். “ஏதேனும் இருந்தால் மறைக்க வேண்டாம், செலவைப்பற்றி யோசிக்க வேண்டாம், வைத்தியரிடம் போவோம்” என்ற வார்த்தை ஆண்மகன் வாயிலிருந்து முதலில் வரவேண்டும். நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இதைச் செய்வார்களாக.