சிறுதேர்

பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையை மெய்யன்பர்கள் அறிவார்கள். இறைவனையோ இறைவியையோ பெரியோர் ஒருவரையோ குழந்தையாகப் பாவித்து, காப்பு முதலாகப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடுவது இதன் மரபு. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெரியாழ்வார், யசோதையின் இடத்தில் நின்று கண்ணனைப் பாடியதில் இதற்கு வித்து விழுந்தது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைப் பாடினார். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபர சுவாமிகள் மதுரை மீனாட்சியம்மைக்கும் முத்துக்குமார சுவாமிக்கும் பாடினார்.

இவ்வளவையும் பள்ளியில் மனப்பாடம் செய்து தேர்வும் எழுதியவன் நான். ஆனால் சிறுதேர்ப் பருவம் என்றால் என்னவென்று எனக்கு விளங்கவைத்தது ஒரு மைலோ டின்.

சில ஆண்டுகளுக்கு முன், தைப்பூசத்துக்கு முதல் நாள். சிங்கையில் அன்று முருகப்பெருமான் தேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயத்திலிருந்து வெள்ளி ரதத்தில் புறப்பட்டு, கியோங் சைக் சாலையிலுள்ள லயன் சித்தி விநாயகர் ஆலயத்துக்கு எழுந்தருளி, மாலையில் திரும்புவார். காலையில் இளையவனை அழைத்துப் போயிருந்தேன். அவனுக்கு அப்போது ஆறு வயது. "முருகன் எங்கப்பா போறாரு?" என்றான். "அண்ணனைப் பார்க்கப் போறாரு" என்றேன். அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. அது எனக்கே ஆச்சரியம்தான்.

வீடு வந்ததும் வேலை தொடங்கியது. செருப்புப் பெட்டி ஒன்று, நான்கு போத்தல் மூடிகள், அச்சுக்குச் சாத்தே குச்சிகள். பெட்டியின் மேல் மைலோ டின், டின் முழுக்கச் சாக்லெட் சுற்றிவந்த வெள்ளித்தாள். நாள்காட்டியிலிருந்து வெட்டிய முருகன் உள்ளே அமர்ந்தார். சமையலறை வாசலிலிருந்து தேர் புறப்பட்டது. போகவேண்டிய இடம் மூத்தவனின் அறை. அவன் தேசிய சேவையில் இருந்தான். அன்று மாலை விடுப்பில் வருவதாக இருந்தது.

நான்கு அடிக்கு ஒரு முறை தேர் நின்றது. நாற்காலிக்கு ஓர் அர்ச்சனை, குளிர்பதனப் பெட்டிக்கு ஓர் அர்ச்சனை. பிரசாதம் உலர்ந்த திராட்சை. அதைப் பெரும்பாலும் அர்ச்சகரே உண்டார். ஒரு சக்கரம் கழன்று சோபாவுக்கு அடியில் ஓடிவிட்டது. அழப்போகிறான் என்று நினைத்தேன். பெட்டியை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "இப்ப காவடிப்பா!" என்று ஆடத் தொடங்கினான்.

நான் மேசையில் அன்னதான நன்கொடைக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தேன். தொகை மூன்று முறையும் மூன்று விதமாக வந்தது. "சத்தம் போடாதே, சாமி காரியம் நடக்குது" என்று அதட்டினேன். அவன் நிறுத்திவிட்டு, மிகவும் நியாயமான குரலில், "இதுவும் சாமி காரியம்தானே அப்பா" என்றான்.

சங்கப் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் பிள்ளைகள் உருட்டும் விளையாட்டுத் தேரைக் காட்டுகிறார். முதல் நூலில் அதற்கு மூன்று சக்கரங்கள், இழுக்கக் குதிரை கிடையாது. இரண்டாவதில் அது தச்சர் செய்து கொடுத்தது. ஏறிச் செல்ல ஆகாத தேர். உருட்டிக் களைத்த பிள்ளைகள் பாலுண்டு உறங்கிப்போகிறார்கள். பட்டினத்தின் கப்பலையும் பண்டத்தையும் பாடவந்தவர் இதற்கும் இடம் ஒதுக்கினார். பிள்ளைத்தமிழ்ப் புலவர்களோ இன்னும் ஒரு படி மேலே போய், உலகங்களை நடத்துகிறவனிடம், "சிறுதேர் உருட்டி அருள்க" என்று கெஞ்சுகிறார்கள். கெஞ்சுகிறவர் பெரியவர், மனம் வைக்க வேண்டியது குழந்தை. நான் அன்று செய்தது இதற்கு நேர்மாறு.

மாலை ஏழு மணிக்கு மூத்தவன் வந்தான். காலணியைக்கூடக் கழற்றாமல் தரையில் அமர்ந்து, சோபாவுக்கு அடியிலிருந்து சக்கரத்தை எடுத்துப் பொருத்தினான். தேர் அவன் அறை வாசலை அடைந்தது. "அண்ணன் வீடு வந்தாச்சு!" என்று இளையவன் கூவினான். எதிர் வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

மூத்தவன் என்னைப் பார்க்காமலே, "நானும் ஒண்ணு செஞ்சேன்பா. பிஸ்கட் பெட்டியில" என்றான்.

எனக்கு நினைவு வந்தது. அப்போது எனக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. பகலில் தூங்க வேண்டும். தரையில் கிடந்த அட்டைப் பெட்டியைக் குப்பை என்று எண்ணிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். அவன் அழுததாக அவன் அம்மா சொன்னாள். நான் பார்க்கவில்லை. அவன் உருட்டியதையும் பார்த்ததில்லை.

"எப்படி இருந்தது அது?" என்று கேட்டேன்.

சற்று யோசித்தான். "ஆறு சக்கரம்பா. முன்னால ரெண்டு குதிரை வரைஞ்சிருந்தேன்" என்றான்.

கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுத் தரையில் இறங்கி உட்கார்ந்தேன். ரதம் திரும்பிப் போக வேண்டிய நேரம் ஆகிவிட்டதென்று இளையவன் அவசரப்படுத்தினான். கயிற்றின் ஒரு நுனியை என்னிடம் கொடுத்தான்.