குதிரைக்கு எந்தச் சுடுகாடு?

நம் வீட்டு ஜானவாசத்துக்கு ஒரு திறந்த கார் போதும். தில்லிக்காரர்களுக்கு அது போதாது. நவம்பர் பிறந்துவிட்டால் ஜரிகைத் துணி போர்த்திய வெள்ளைக் குதிரை இல்லாமல் மாப்பிள்ளை மண்டபத்துக்கு நகரமாட்டார். பாண்டு வாத்தியம், தலையில் விளக்கு சுமக்கும் ஆட்கள், நடுவில் அந்தக் குதிரை. பாராபுல்லா நாலா என்ற வடிகாலின் கரையில் இருந்த மதராசி கேம்பில் வாழ்ந்த தமிழர்களுக்கும் சீசன் தவறாமல் கண்ணில் படுகிற காட்சிதான் இது. அந்தக் குதிரை ஒருநாள் செத்துப்போனால் என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வரும், முக்கால்வாசி தப்பாக.

“நாலாவில் தள்ளிவிட்டால் யமுனை பார்த்துக்கொள்ளும்”

பார்த்துக்கொள்ளாது. பாராபுல்லா நாலாவின் கதை மதராசி கேம்ப்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நாலா அடைத்துக்கொள்கிறது, மழைநீர் வடியவில்லை என்ற வழக்கில்தான் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2025 ஜூன் 1 அன்று அங்கிருந்த சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. அதே நாலாவில் 400 கிலோ உடல் ஒன்று விழுந்தால் ஊதி, மிதந்து, அடுத்த பாலத்தடியில் சிக்கி நிற்கும். யமுனைக் கரை மணலில் குழி தோண்டுவதும் தீர்வாகாது. அங்கே கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும். ஆற்றுப்படுகையில் கழிவு கொட்டுவதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரியிலேயே தடை செய்து அபராதமும் விதித்திருக்கிறது.

செத்த கால்நடையை அகற்றுவது மாநகராட்சியின் வேலை. உடனே தகவல் கொடுப்பது உரிமையாளரின் வேலை. எம்சிடி 311 செயலியில் புகார் பதியலாம், வட்டார அலுவலகத்திலும் சொல்லலாம். வெட்கப்பட்டுக்கொண்டு ராத்திரியில் டெம்போக்காரனிடம் ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்து அனுப்பிவிடுகிறவர்கள் அவன் எங்கே கொட்டினான் என்று கேட்பதில்லை.

“காசு இருந்தால் மனுஷனைப் போலவே தகனம் செய்துவிடலாம்”

இதுதான் அதிகம் கேட்கிற நம்பிக்கை. துவாரகா 29-ஆம் செக்டாரில் செல்லப்பிராணிகளுக்கு மாநகராட்சி ஏற்பாட்டில் எரிமேடை வந்ததிலிருந்து இன்னும் வலுத்துவிட்டது. அந்த எரிமேடை உண்மை. ஆனால் அது நாய்க்கும் பூனைக்கும் கட்டியது. பெரிய நாய் ஒன்றைத் தாங்கும் உலையில் குதிரை அடங்காது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கல்யாணக் குதிரை ஒன்றின் எடை 350 முதல் 450 கிலோ. 60 கிலோ மனிதருக்கே நிகம்போத் சுடுகாட்டில் நாலைந்து குவிண்டால் விறகு அடுக்குகிறார்கள். குதிரைக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். பெருங்குடலில் நீரும் நொதித்த தீவனமும் நிறைந்திருப்பதால் நடு உடல் லேசில் பிடிக்காது. அரைகுறையாக வெந்த உடலைச் சுற்றித் தெருநாய்கள் கூடுவதுதான் மிச்சம். புகை வேறு. குளிர்காலத்தில் இலையைக் கொளுத்தினாலே அபராதம் போடுகிற ஊர் இது.

பிரிட்டனில் குதிரைக்கென்றே தகனக்கூடங்கள் உண்டு. கிரேனில் தூக்கி உள்ளே வைக்கும் பெரிய வாயு உலை, பல மணி நேர வேலை. முடிந்ததும் கையில் வருவது நம் ஊர் அஸ்திக் கலசம் அல்ல. மனித அஸ்தி இரண்டரை மூன்று கிலோ என்றால் குதிரையின் சாம்பல் 20 கிலோவை ஒட்டி வரும். அதை ஹரித்வாரில் கரைக்கப் புறப்பட்டால் மூட்டையாகத்தான் ரயிலேற்ற வேண்டும். பிரிட்டனிலும் பலர் முழுச் சாம்பலைக் கேட்பதில்லை, ஒரு பங்கு மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆகவே தில்லியில் குதிரைக்காரருக்கு நடைமுறையில் இரண்டு வழி. மாநகராட்சியிடம் ஒப்படைப்பது, அல்லது சொந்த நிலத்தில் ஆழக் குழி. தகனம்தான் மரியாதை, மற்றதெல்லாம் அவமானம் என்ற நினைப்பை நம்மாட்கள் விட்டுவிடலாம். தேசிங்கு ராஜன் 1714-இல் ஆற்காட்டு நவாபோடு மோதி மாண்டான். அவன் குதிரையை யாரும் எரித்ததாகக் கதை இல்லை. செஞ்சி வட்டாரத்தில் அதற்குச் சமாதி என்று இன்றும் இடம் காட்டுகிறார்கள். அந்தக் குதிரையே தில்லிப் பாதுஷாவிடமிருந்து போனது என்பது நாட்டார் கதை. ஹல்திகாட்டியில் ராணா பிரதாபின் சேதக்குக்கும் நினைவு மண்டபம்தான் இருக்கிறது.

“சுண்ணாம்பு கொட்டினால் உடல் சீக்கிரம் கரைந்துவிடும்”

நேர் எதிர். சுண்ணாம்பு உடல் மக்குவதைத் தாமதப்படுத்தும். அதைப் போடுவது வாடையை அடக்கவும் நாயும் நரியும் தோண்டாமல் இருக்கவும். குழியின் ஆழம்தான் முக்கியம். குதிரைக்கு மேல் குறைந்தது ஒரு மீட்டர் மண் மூட வேண்டும் என்றால் குழி எட்டு ஒன்பது அடி போக வேண்டும். கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துக்கொண்டு மே மாதத்தில் இதை முடிக்க முடியாது, ஜேசிபி வேண்டும். கிணறும் கைபம்பும் கிட்டத்தில் இருக்கக் கூடாது.

நேரமும் கையில் இல்லை. “சொந்தக்காரர்கள் வந்து பார்த்தபிறகு எடுக்கலாம்” என்பது மனிதர்களுக்குச் சரி. செத்த குதிரையின் குடலில் நொதிப்பு நிற்பதே இல்லை. 44 டிகிரி வெயிலில் சில மணி நேரத்தில் வயிறு மத்தளமாகிவிடும், கால்கள் விறைத்து நீட்டிக்கொள்ளும். லாயத்து வாசல் வழியே வெளியே எடுப்பதே பெரும்பாடாகும்.

ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் காத்திருக்க வேண்டும். அது காகிதம். இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் உடலை அகற்றும் முன்பே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். காது வில்லையோ மைக்ரோசிப் எண்ணோ தெரியும்படி படம் எடுத்து, கால்நடை மருத்துவரிடம் சான்றிதழும் வாங்க வேண்டும். புதைத்துவிட்டுப் போய் நின்றால் பணம் வராது.

“மூக்கில் ரத்தம் வந்து செத்தால் செய்வினை”

யாருக்குச் செய்தார்கள் என்று குறி கேட்கப் போவதற்கு முன் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத கறுத்த ரத்தம் வந்து திடீரென்று செத்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அடைப்பான் நோயை, அதாவது ஆந்த்ராக்ஸை. அப்படிப்பட்ட உடலைக் கத்தி போட்டுத் திறக்கவே கூடாது. காற்றுப் பட்டதும் கிருமி வித்தாக மாறி, பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். தோலை உரித்து விற்க நினைப்பவர்தான் முதலில் படுப்பார்.

மூக்கில் சீழ்போலச் சளி, தோலில் கொப்புளம், நாள்பட்ட மெலிவு என்றால் கிளாண்டர்ஸ். இதுவும் மனிதருக்குத் தொற்றும், கொல்லவும் செய்யும். 2018 தொடக்கத்தில் மேற்குத் தில்லியில் சில குதிரைகளுக்கு இது உறுதியாகி, குதிரைகளின் போக்குவரத்துக்கே அரசு கட்டுப்பாடு போட்டது. ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில்தான் ரத்த மாதிரியைச் சோதித்துச் சொல்வார்கள். நோய் உறுதியானால் 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி குதிரையை முடித்துவிட வேண்டும். அதற்கு அரசு இழப்பீடு உண்டு. இது தெரியாமல்தான் சிலர் ஒளித்து வைக்கிறார்கள். படுத்த வைக்கோல், கடிவாளம், துடைத்த துணி எல்லாம் நெருப்புக்கு. மாப்பிள்ளை ஏறிய அந்த ஜரிகைத் துணியும்தான்.

“ஊசி போட்டு முடிப்பது பாவம், சட்டப்படி குற்றமும்கூட”

பாவக் கணக்கு எனக்குத் தெரியாது. சட்டக் கணக்கு தெரியும். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவே, மீளமுடியாத வேதனையில் கிடக்கும் விலங்கை முடித்துவிட வழி வைத்திருக்கிறது. குடல் முறுக்கிய சூலை நோயில் குதிரை தரையில் புரண்டு தலையை மோதிக்கொள்வதைப் பார்த்தவர்கள் அந்தப் பிரிவைக் கொடுமை என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் ஊசி போட்ட உடலை வெட்டவெளியில் விட்டால் அதைத் தின்னும் நாயும் பருந்தும் சாகும். அந்த மயக்க மருந்து சதையில் அப்படியே தங்கும். வலி மருந்துகளும் லேசுப்பட்டவை அல்ல. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகளை ஏறக்குறைய அழித்தே விட்டது. 2006-இல்தான் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். குதிரைச் சூலைக்கு வழக்கமாகப் போடும் ஃப்ளூனிக்ஸினும் கழுகுக்கு நஞ்சு. “கழுகு தின்று தீர்க்கட்டும், அதுவும் ஒரு தானம்” என்று பெரியவர்கள் சொன்ன காலத்தில் இந்த ஊசிகள் இல்லை. உடலைத் தூக்க வருபவரிடம் என்ன மருந்து போட்டது என்று சொல்லிவிடுவது கடமை.

“கறுப்புக் குதிரையின் லாடம் சனியை விரட்டும்”

குதிரை செத்த சேதி பரவியதும் லாடத்துக்கும் வால்முடிக்கும் ஆள் வந்துவிடும். சனிக்கிழமை கோயில் வாசல்களில் விற்பதில் பெரும்பங்கு எந்தக் குதிரையும் பார்க்காத வார்ப்பு இரும்பு. அசல் லாடமே வேண்டுமென்றாலும் குதிரை சாகவேண்டியதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்றியே ஆக வேண்டும், பழையது லாயத்து மூலையில் கிடக்கும். நோயில் செத்த குதிரையிலிருந்து எதையும் கழற்றி யாருக்கும் கொடுக்காதீர்கள்.

வளர்த்தவர் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்வது வேறு விஷயம். தொற்றுநோய் இல்லை என்று மருத்துவர் சொன்னபின் வால்முடியில் ஒரு கற்றையோ, கழுவித் துடைத்த லாடமோ எடுத்துக்கொள்ளலாம். வாட்டர்லூவில் வெல்லிங்டனைச் சுமந்த கோபன்ஹேகன் 1836-இல் செத்தபோது ராணுவ மரியாதையோடு புதைத்தார்கள். அதற்குள் யாரோ ஒரு குளம்பை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பிரபுவுக்கு வந்த கோபம் பெயர்பெற்றது.

“கூட இருந்த குதிரைக்குக் காட்டக் கூடாது, அதுவும் ஏங்கிச் செத்துவிடும்”

காட்டாமல் எடுத்துப் போனால்தான் அது கனைத்துக்கொண்டே லாயத்தைச் சுற்றித் தேடும். மோந்து பார்க்கக் கொஞ்ச நேரம் விட்டால் பெரும்பாலும் தானாகவே விலகித் தீவனத்துக்குத் திரும்பும். அடைப்பான், கிளாண்டர்ஸ் சந்தேகம் இருந்தால் மட்டும் கிட்ட விடக் கூடாது. அப்போது அந்தக் குதிரையின் ரத்தமும் ஹிசாருக்குப் போகும். முடிவு வரும்வரை தனிக் கொட்டகை, தனித் தண்ணீர்த் தொட்டி. சீசன் நடுவில் எத்தனை ஆயிரம் அட்வான்ஸ் வாங்கியிருந்தாலும் அது கல்யாண ஊர்வலத்துக்குப் போகக் கூடாது.