தண்டிப்பவர்களின் முகங்கள்

கேள்வி: அண்மையில் வெளியான பெரும் பொருட்செலவுப் படமொன்று, பழைய படங்களைப் போல மனத்தில் நிற்காதது ஏன்?

பதில்: பொருட்செலவு குறையன்று. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கருவைப் பெற்று மகேந்திரன் 1979-இல் இயக்கிய ‘உதிரிப்பூக்கள்’ படத்தின் முடிவில், கொடுமைக்காரனான சுந்தரவடிவேலு ஆற்றில் இறங்கி மாயும்படி ஊராரால் கட்டாயப்படுத்தப்படுகையில், நல்லவர்களாயிருந்த அவர்களையும் தன்னைப் போல் ஆக்கிவிட்டதையே தன் பெரும் பாவமாகக் கூறுவதால், தண்டனை பெறுபவனை விட்டுத் தண்டிப்பவர்களை நோக்கிப் பார்வையாளரின் எண்ணம் திரும்புகிறது. படத்தொகுப்பு, அதாவது காட்சித் துண்டுகளை வெட்டி இணைக்கும் கலை, இத்தகைய எண்ணம் ஊறுவதற்கு இடம் விடவேண்டும். வில்லன் வீழ்ந்த கணமே நாயகனின் மெதுவான நடைக்குத் தாவும் இன்றைய படத்தில் அவ்விடமே இல்லை. (பழையவை யாவும் சிறந்தவையல்ல, 1979-இன் சாதாரணப் படங்கள் பல மறக்கப்பட்டுவிட்டன.)