மிஞ்சிய பசளையும் பீலித் தண்ணீரும்

நுவரெலியா, அட்டன் பகுதிகளில் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கோவா பயிரிடும் கமக்காரர் பலர் யூரியாவையும் கோழி எருவையும் தாராளமாக இடுகின்றனர். பயிர் உட்கொண்டது போக எஞ்சும் நைதரசனை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. இதனை மண் பற்றி வைப்பதில்லை. ஆகவே அது மழைநீருடன் கீழிறங்கிக் கிணற்றையும், பீலிக்கு நீர் தரும் ஊற்றையும் சென்றடைகிறது.

குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தல் ஆகாது. மணற்பாங்கான கற்பிட்டியில் மரக்கறித் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இவ்வளவு மிஞ்சியமை கண்டறியப்பட்டுள்ளது. அத்தகைய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கக்கூடும். நைத்திரேற்றைக் கண்ணாலும் நாவாலும் அறிய இயலாது. நீரைக் கொதிக்கவைத்தாலும் அது நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும்.

ஆதலால் பின்வருவனவற்றைக் கைக்கொள்க:

1. மண்ணைப் பரிசோதிப்பித்து, வேண்டிய அளவே பசளை இடுக.
2. முழுவதையும் ஒரே தடவையில் இடாது, பயிர் வளருங்கால் பிரித்து இடுக. பெருமழைக்கு முன் இடுதல் வீண்.
3. கோழி எரு இட்டால், அதற்கேற்ப யூரியாவைக் குறைத்துக்கொள்க.
4. கிணறு, ஊற்று ஆகியவற்றின் அருகே எருவைக் குவிக்கலாகாது.
5. ஐயமுள்ள நீரைப் பரிசோதிப்பிக்க. முடிவு தெரியும்வரை கைக்குழந்தையின் பால்மாவுக்கு வேறு நன்னீர் கொள்க, தாய்ப்பாலே உத்தமம்.

வேருக்கு எட்டாத பசளை பணத்திற்கு நட்டம், பிள்ளைக்கும் கேடு.